அக்கா சொல்லாத வாக்கியம்

விடிந்தும் விடியாமலும் போடியிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் பெண்கள் ஜீப்பில் ஏறி மலைக்குப் போவார்கள். போடிமெட்டு தாண்டி, கேரளப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கி வந்துவிடுவார்கள். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியதால் எனக்கு அதில் எழுத ஏதாவது இருக்கும் என்று தோன்றியதே இல்லை. மதுரையில் உளவியல் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்து, தலைப்பு கிடைக்காமல் ஆறு மாதம் திண்டாடிய பிறகு, என் வழிகாட்டிப் பேராசிரியர்தான் கேட்டார்: "உங்க ஊர்ல தினமும் மலை ஏறி இறங்குறாங்களே, அவங்க மனசப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களாம்மா?"

யாரும் எழுதியிருக்கவில்லை. எனக்கு அது லாபமாகப் பட்டது. எங்கள் வீடு போடியில். சிலமலையில் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அந்த ஊரில் என்னை யாருக்கும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நான்கு மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் என்னிடம் பேசினார்கள்.

பேச்சைச் சேர்ப்பது சுலபமாக இருந்தது. எழுத்தாக்குவதுதான் மலைப்பாக இருந்தது. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. அப்போதுதான் கூடப் படித்த தோழி ஒருத்தி இரண்டு கருவிகளை என் பழைய மடிக்கணினியில் ஏற்றித் தந்தாள். இரண்டுமே ஓப்பன் சோர்ஸ். யாரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிரித்தும் பார்க்கலாம். ஒன்று, குரலைக் கேட்டு எழுத்தாக மாற்றும் செயற்கை நுண்ணறிவு. இன்னொன்று, அந்த எழுத்தைப் படித்து, யார் பேச்சில் எந்த உணர்ச்சி, எந்த விஷயம் இருக்கிறது என்று வகை பிரித்துத் தருவது. இன்டர்நெட்டே இல்லாமல் இரண்டும் ஓடும்.

இதில் எனக்குப் பெரிய பெருமை. தோட்டத்துக் கங்காணி காதுக்குப் போய்விடுமோ என்று பயந்த பெண்களிடமெல்லாம் மடிக்கணினியைத் தட்டிக் காட்டி, "நீங்க பேசுறது இந்தப் பொட்டிய விட்டு வெளிய போகாதுக்கா" என்று சொல்வேன். அது உண்மைதான். வெளியே போகாது. உள்ளேயே என்ன நடக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

என்னிடம் பேசியவர்களில் ஒரு அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். எனக்கு உறவில்லை. ஊர் வழக்கப்படி நான் அக்கா என்பேன், அவர் என்னைத் தாயி என்பார். அவருடைய ஒரே மகள் பதினெட்டு வயதில் அம்மாவோடு தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தவள். ஏலச் செடியின் தூரடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தபோது பாம்பு கடித்துவிட்டது. தோட்டத்து ஜீப் அந்த நேரம் லோடு இறக்கப் போயிருந்தது. அது திரும்பி வந்து, வளைவு வளைவாக மலை இறங்கி முடிப்பதற்குள், அம்மாவின் மடியிலேயே அந்தப் பெண் போய்விட்டாள். ஊருக்கே தெரிந்த கதை. இரண்டு மாதம் கழித்து அக்கா மறுபடியும் வேலைக்குப் போனார். அதே ஜீப்பு, அதே தோட்டம்.

நான் போன அன்று முன்னறையில் பாய் விரித்து உட்காரவைத்து, காப்பி போட்டுக் கொடுத்தார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் ரெக்கார்டரை வைத்தேன். வேலை, கூலி, முதுகு வலி, ஜீப்பில் நெருக்கியடித்து உட்காருவது என்று அரை மணி நேரம் சரளமாகப் பேசினார். பிறகு நான் எழுதி வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"மக போன பெறகும் அதே தோட்டத்துக்குத்தானக்கா போறீங்க? அங்க போயி நிக்கிறப்ப மனசுல என்ன ஓடும்?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பாய் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையை விரலால் நெருடினார். வாயைத் திறந்த மாதிரி இருந்தது. அப்போது என் செல்போன் அடித்தது. பேராசிரியர். ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். எடுக்காமல் விட்டால் கோபித்துக்கொள்வார் என்று எழுந்தேன்.

"நீங்க சொல்லிக்கிட்டிருங்கக்கா, அது பாட்டுக்கு ஓடும். இந்தா வந்துர்றேன்."

தெருவில் நின்று பேசிவிட்டுத் திரும்ப நான்கைந்து நிமிடம் ஆகியிருக்கும். உள்ளே நுழைந்தபோது அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அம்புட்டுத்தான் தாயி. வேற என்ன கேக்கணுமோ கேளு" என்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குவீர்கள் என்பது அடுத்த கேள்வி. அதைக் கேட்டேன்.

பிறகு எல்லாப் பதிவுகளையும் கருவிக்குள் போட்டேன். கொச்சைப் பேச்சாக வந்தால் கட்டுரையில் சேர்க்கச் சிரமம் என்று, எல்லாவற்றையும் எழுத்துத் தமிழாக மாற்றித் தரும்படியும் அமைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் முடிந்துவிட்டது. படித்துப் பார்த்தால் எல்லாப் பெண்களும் செய்தி வாசிப்பவர்களைப் போலப் பேசியிருந்தார்கள். அது எனக்கு உறுத்தவில்லை. வசதியாகத்தான் இருந்தது.

அக்காவின் பேச்சில், நான் வெளியே போயிருந்த இடத்தில் இப்படி இருந்தது: "காலப்போக்கில் எல்லாம் சரியாகிவிட்டது. இப்போது நான் நன்றாக இருக்கிறேன்."

வகை பிரிக்கும் கருவி அதை எடுத்து "மீண்டெழும் திறன்" என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாக வைத்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளைப் பறிகொடுத்த தாய், அதே மலைக்குத் திரும்பிப் போய், தன்னைத் தானே தேற்றிக்கொண்டுவிட்டாள். கட்டுரை அந்த இரண்டு வாக்கியத்தைச் சுற்றித் தானாகவே உருவாகிவிட்டது. பேராசிரியர் படித்துவிட்டு, "இந்த மேற்கோள் ஒண்ணே போதும்மா" என்றார். கருத்தரங்கில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு தடவைகூட அந்த இடத்தை என் காதால் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கண்டறிந்ததைப் பேசியவர்களிடமே கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் துறையின் ஒழுங்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சிலமலைச் சமுதாயக்கூடத்தில் பெண்களைக் கூட்டினேன். டீயும் வடையும் சொல்லியிருந்தேன். பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். யார் பெயரையும் சொல்லாமல், "தோட்டத்தில் மகளை இழந்த ஒரு தாய் சொல்கிறார்" என்று ஆரம்பித்து, அந்த இரண்டு வாக்கியத்தையும் வாசித்தேன். பெயரை மறைத்துவிட்டதால் ஆளை மறைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். அந்த ஊரில் தோட்டத்தில் மகளை இழந்த தாய் ஒருவர்தான்.

கூடத்தில் இருந்த எல்லாத் தலையும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்காவின் பக்கம் திரும்பியது. பக்கத்தில் இருந்த அவருடைய நாத்தனார், "நல்லா இருக்கேன்னா சொன்ன?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். "நான் அப்பிடிச் சொல்லலையே தாயி."

அந்த இடத்திலாவது நான் நின்றிருக்கலாம். கையில் அச்சடித்த தாள் இருந்தது. சிரித்தபடியே சொன்னேன்: "இல்லக்கா, நான் வெளிய போயிருந்தப்பச் சொல்லிருக்கீங்க. ரெக்கார்டுல இருக்கு."

"நானா சொன்னேன்?"

"ஆமாக்கா. மிஷின் கேட்டு எழுதுனது. அது தப்பாச் சொல்லாதுல்ல."

அக்கா நாத்தனாரைப் பார்த்தார், என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு, "சொல்லிருப்பனோ என்னமோ. எனக்கு நெனவில்ல" என்று குரலை இறக்கிச் சொன்னார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

எத்தனையோ தடவை இதை நினைத்துப் பார்த்துவிட்டேன். கருவி செய்தது ஒரு பிழை. ஒரு பெண்ணை ஊரார் முன்னால் உட்காரவைத்து, அவருடைய துக்கத்தைப் பற்றி அவருக்கே சந்தேகம் வரும்படி செய்தது நான். அதுவும் சிரித்துக்கொண்டே.

கூட்டம் கலைந்து வாசலில் செருப்பு மாட்டும்போது நாத்தனார் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "புள்ளயத் தூக்கிக் குடுத்துட்டு நல்லா இருக்காளாம். கேட்டியா?"

அதைக் கேட்டும் எனக்கு அக்கா மேல்தான் வருத்தம். சொன்னதைச் சொல்லவில்லை என்றுவிட்டாரே, மற்றவர்கள் என் ஆராய்ச்சியையே சந்தேகப்பட மாட்டார்களா என்று. பதிவைப் போட்டுக் காட்டினால் அவருக்கே ஞாபகம் வந்துவிடும் என்று மறுநாள் காலையில் வீட்டில் உட்கார்ந்து அந்த இடத்தைத் தேடி எடுத்தேன். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று காட்டத்தான் முதன்முதலாக அதைக் கேட்டேன்.

என் குரல் கேட்டது: இந்தா வந்துர்றேன். கதவு கிறீச்சிட்டது. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடி நின்றது. தெருவில் நான் பேராசிரியரோடு பேசிச் சிரிப்பது தூரத்தில் கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம். டம்ளரை யாரோ நகர்த்தி வைக்கிறார்கள். நீளமாக ஒரு மூச்சு. மறுபடியும் ஒன்றும் இல்லை. பிறகு கதவு. "அம்புட்டுத்தான் தாயி."

இயர்போனை மாற்றிப் போட்டுக் கேட்டேன். சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். நான்கு நிமிடத்துக்கு மேல் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. கருவி அந்த மௌனத்தைக் காலியாக விடாமல், தானாகவே இரண்டு வாக்கியத்தைப் போட்டு நிரப்பியிருந்தது.

கருவியின் இணையப் பக்கத்துக்குப் போனேன். யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எல்லாம் திறந்தே கிடந்தது. பேச்சில்லாத இடங்களில் இது இல்லாத வாக்கியங்களை எழுதிவிடும், கவனமாக இருங்கள் என்று எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் அங்கே எழுதி வைத்திருந்தார்கள். மௌனத்தை முதலிலேயே வெட்டி எடுத்துவிடுவதற்கு ஒரு வழியும் சொல்லியிருந்தார்கள். படித்து முடிக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. திறந்த கருவி, யாரும் சோதித்துப் பார்க்கலாம் என்று கூடப் படிப்பவர்களிடமெல்லாம் பெருமையாகப் பேசியவள் நான். அந்தப் பக்கத்தை ஒருநாளும் திறந்து படித்ததில்லை.

பேராசிரியருக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு வரிதானம்மா? எடுத்துட்டு வேற வரி போட்டுரு. இதுக்குப் போயி ஏன் இப்பிடி அழுவுற?" என்றார். நான் அழுதுகொண்டிருந்தது அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வரியோடு முடியவில்லை. எல்லாப் பதிவுகளையும் மறுபடி முதலிலிருந்து கேட்டேன். இன்னும் மூன்று பெண்கள் பேசாமல் இருந்த இடங்களில் கருவி பேசியிருந்தது. அது போதாதென்று, எங்கள் பக்கத்துப் பேச்சையும் அது தன் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தது. "வெசனமா இருக்கு" என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். மனத்துயரத்துக்கு எங்கள் ஊரில் வெசனம் என்பார்கள். கருவி அதை "வசனம்" என்று எழுதிவிட்டது. வகை பிரிக்கும் கருவி அதைப் படித்து, இவருக்குச் சினிமாவில் ஆர்வம் அதிகம் என்று பொழுதுபோக்குப் பகுதியில் சேர்த்திருந்தது. எனக்கு அந்த வார்த்தை தெரியும். எங்கள் அம்மா தினமும் சொல்கிற வார்த்தை. பேராசிரியருக்குக் கொடுத்த அறிக்கையில் அந்தப் பகுதியை நானே இரண்டு தடவை படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஊரார் முன்னால் செய்த தப்பை வீட்டுக்குள் போய்ச் சொல்லக்கூடாது என்று பட்டது. இரண்டு நாள் கழித்து, ஜீப் வருவதற்கு முன்பே சிலமலை முக்கில் போய் நின்றேன். தூக்குவாளியும் ஸ்வெட்டரும் தலையில் துண்டுமாகப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அக்கா ஓரமாகத் தனியே நின்றுகொண்டிருந்தார். நாத்தனார் மற்றவர்களோடு இந்தப் பக்கம் நின்றார். எப்போதும் இரண்டு பேரும் சேர்ந்துதான் நிற்பார்கள்.

"அக்கா சொன்னதுதான் நெசம்" என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி சொன்னேன். "அன்னைக்கு நான் வாசிச்சத அக்கா சொல்லவே இல்ல. பேசாமத்தான் இருந்திருக்காங்க. நான் கேட்டுப் பாக்காம எழுதிட்டேன். தப்பு என்னுது."

ஒரு வயதான அம்மா கேட்டார்: "அவ சொல்லலைன்னா, அப்ப யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல ஆத்தா. மிஷினா எழுதிக்கிருச்சு."

"அதெப்பிடி? வாயில்லாதது எப்பிடிப் பேசும்?"

என்னால் முடிந்தவரை விளக்கினேன். பாதி பேருக்குப் புரியவில்லை, மீதிப் பேருக்கு அக்கறை இல்லை. ஜீப்பு வந்துவிட்டது. டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்தார். "வெரசா ஏறுங்க, சோலிக்கு நேரமாகுது." நாத்தனார் ஏறும்போது, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்: "எழுதிப் படிச்சவளே இப்ப இல்லைங்குறா. அவகிட்டக் காசு வாங்கிருப்பாளோ?" அக்கா கடைசியாக ஏறினார். ஏறிவிட்டு, "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

போனேன். இந்தத் தடவை பாய் விரிக்கவில்லை, காப்பி போடவில்லை. "அதப் போடு, கேப்போம்" என்றார். இயர்போனைத் துடைத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான்கு நிமிடமும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் கழற்றித் தந்தார்.

"நீ வெளிய போயிட்ட. நான் யாருகிட்டச் சொல்றது, அந்த ஸ்டூலுகிட்டயா? நீ வரட்டும், வந்ததும் சொல்லுவோம்னுதான் இருந்தேன். நீ வர்றதுக்குள்ள அது உள்ள போயிருச்சு தாயி. நீயும் வந்ததும் தூக்கத்தப் பத்திக் கேட்டுட்ட."

 புத்தி கெட்டுப்போய், "இப்பச் சொல்லுங்கக்கா, நான் எழுதக்கூட மாட்டேன்" என்றேன்.

"இப்ப வரல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் வைத்த சோறு இன்னும் வேகவில்லை என்பதைப் போலச் சொன்னார்.

பிறகு, அந்தப் பேச்சு மொத்தத்தையும் அழித்துவிடச் சொன்னார். அவர் கண் முன்னாலேயே ரெக்கார்டரிலும் மடிக்கணினியிலும் அழித்தேன். முதல் நாள் அவர் கையெழுத்துப் போட்டுத் தந்திருந்த ஒப்புதல் தாளையும் திருப்பிக் கொடுத்தேன். அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். கருத்தரங்குக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பேராசிரியர் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கருவியின் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததை எழுதினேன். முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டிருந்தார். நன்றி சொல்லிவிட்டு, எங்கள் ஊர்ப் பேச்சில் மாதிரிக் குரல்கள் தர முடியுமா என்று கேட்டிருந்தார். வேலை, சமையல் என்று எதையாவது பேசித் தரும்படி பெண்களிடம் கேட்டேன். அந்தக் குரல் வெளியே போகும், யார் வேண்டுமானாலும் கேட்பார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஐந்தாறு பேர் சம்மதித்தார்கள். அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போதும் அந்தக் கருவிகளைப் பயன்படுத்துகிறேன். அது எழுதிய பிறகு ஒவ்வொரு பதிவையும் முழுக்க உட்கார்ந்து கேட்கிறேன். அதனால் படிப்பு இழுத்துக்கொண்டே போகிறது. செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் யார் வீட்டுக்குள்ளும் போகிறேன்.

போன மாதம் போடி பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். இருவருக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமில்லாதபடி நேருக்கு நேராக வந்துவிட்டோம்.

"படிப்பு முடிஞ்சிருச்சா தாயி?"

"இன்னும் இல்லக்கா."

"வெரசா முடி."

நாத்தனார் வீட்டில் அன்று காதுகுத்து என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கும் பத்திரிகை வந்திருந்தது. அக்கா வேலைக்குப் போகிற பழைய சேலையில், கையில் காய்கறிப் பையோடு நின்றிருந்தார். நீங்கள் காதுகுத்துக்குப் போகவில்லையா, உங்களை அழைக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. சிலமலைப் பஸ்சு வந்ததும் அவர் ஏறி, முன்னால் போய் உட்கார்ந்தார். நான் ஏற வேண்டியதும் அதே பஸ்சுதான். அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று நின்றுவிட்டேன்.